குப்பை எனப்பட்ட டி.என்.ஏ.வும் கணினியும்: வாசகர் கேள்வி – பதில்

மனித டி.என்.ஏ.வில் புரதத்துக்கான குறியீடு இல்லாத பகுதிகளையும், அவற்றுள் திரும்பத் திரும்ப வரும் வரிசைகளையும் கணினி கொண்டு ஆராய்வது குறித்து வந்த கேள்விகளை இம்முறை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறோம். ஒன்றையே கேட்ட கடிதங்கள் ஒரு கேள்வியாகச் சேர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: நம் டி.என்.ஏ.வில் 98 விழுக்காடு குப்பை என்று பள்ளியில் படித்தேன். பிறகு 80 விழுக்காட்டுக்குப் பயன் உண்டு என்று செய்தி வந்தது. இப்போது 10 விழுக்காடு என்கிறார்கள். விஞ்ஞானிகளுக்கே இதில் தெளிவு இல்லையா?

பதில்: தெளிவு இருக்கிறது, ஆனால் நீங்கள் சொல்லும் மூன்று எண்களும் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். மனித மரபணுத்தொகை, அதாவது நம் டி.என்.ஏ.வின் ஒரு முழுப் படி, ஏறத்தாழ 310 கோடி எழுத்துகள் நீளமுள்ளது; ஏ, சி, ஜி, டி என்று குறிக்கப்படும் நான்கு வேதியலகுகளையே எழுத்து என்கிறோம். அதில் புரதங்களுக்கான குறியீட்டை நேரடியாகத் தாங்கும் பகுதி ஒன்றரை விழுக்காட்டுக்கு மேல் இல்லை. மீதியை எல்லாம் ‘குப்பை’ என்ற ஒரே சொல்லில் அடக்கியதால் வந்தது முதல் எண். 1972-இல் அந்தச் சொல்லைப் பரவலாக்கிய சுசுமு ஓனோ முன்வைத்த வாதம் இதைவிட ஆழமானது: ஒவ்வொரு எழுத்தும் இன்றியமையாததாக இருக்குமானால், தலைமுறைதோறும் நேரும் பிறழ்வுகளின் சுமையை எந்த இனமும் தாங்கியிருக்க முடியாது என்றார் அவர். ஒவ்வொரு குழந்தையும் பெற்றோரிடம் இல்லாத 60, 70 புதிய எழுத்துமாற்றங்களுடன் பிறக்கிறது என்று இன்று நேரடியாகவே அளந்திருக்கிறோம். அவற்றுள் பெரும்பாலானவை எந்தத் தீங்கும் செய்யாமல் கடந்துபோவதே ஓனோவின் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது.

இரண்டாவது எண் 2012-இல் என்கோடு என்னும் பெருந்திட்டம் வெளியிட்டது. ஏதேனும் ஒரு வகை உயிரணுவிலாவது ஓர் இடம் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டாலோ, அங்கே ஒரு புரதம் வந்து ஒட்டினாலோ, அல்லது அதைப் போன்ற வேறொரு வேதியியல் அடையாளம் தென்பட்டாலோ அந்த இடத்துக்குச் ‘செயல்பாடு’ உண்டு என்று அத்திட்டத்தினர் எண்ணினார்கள். திரட்டிய தரவு மிக மதிப்புடையது. இன்றும் எல்லோரும் அதைப் பயன்படுத்துகிறோம். ஆனால் ஓர் இடத்தில் ஏதோ நடக்கிறது என்பதும், அது நடக்காவிட்டால் உடலுக்கு இழப்பு உண்டு என்பதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை விழுங்கிவிட்ட அன்றைய தலைப்புச் செய்திகள் மீது எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

மூன்றாவது எண் பரிணாமத்தை அளவுகோலாகக் கொண்டது. பல பாலூட்டிகளின் டி.என்.ஏ.வை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிவைத்து, எதிர்பார்ப்பதைவிட மெதுவாக மாறியிருக்கும் இடங்களைக் கணினியால் தேடினால், அங்கே வந்த மாற்றங்களை இயற்கைத் தேர்வு களைந்துகொண்டே வந்திருக்கிறது என்று கொள்ளலாம். 2014-இல் வந்த ஒரு மதிப்பீடு இதை 8.2 விழுக்காடு என்றது. 240 பாலூட்டி இனங்களை ஒப்பிட்ட ஜூனோமியா திட்டம் 2023-இல் குறைந்தது 10.7 விழுக்காடு என்றது. நான் இந்த அளவுகோலின் பக்கம். இதற்கும் குறை இல்லாமல் இல்லை: அண்மையில் தோன்றிய பயனை இது காணாது. வளர்ந்த பிறகும் பாலைச் செரிக்கும் திறனை ஐரோப்பியர் பலருக்குத் தரும் எழுத்துமாற்றம், லாக்டேஸ் மரபணுவுக்கு 13,910 எழுத்துகள் முன்னே, அண்டை மரபணு ஒன்றின் இன்ட்ரானுக்குள், அதாவது குறியீட்டுத் துண்டுகளுக்கு நடுவே வரும் குறியீடற்ற பகுதிக்குள், இருக்கிறது. கால்நடை வளர்ப்பு தொடங்கிய பிறகு பரவிய அந்த மாற்றத்தைப் பாலூட்டிகளின் ஒப்பீடு எப்படிக் காட்டும்?

எல்லாவற்றுக்கும் பயன் இருந்தே தீர வேண்டும் என்று வாதிடுவோரிடம் ரயன் கிரெகரி என்னும் உயிரியலாளர் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். வெங்காயத்தின் மரபணுத்தொகை நம்முடையதைப் போல ஐந்து மடங்கு பெரியது. ஃபுகு என்னும் பேத்தை மீனுடையதோ நம்முடையதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. மரபணுக்களின் எண்ணிக்கையில் அப்படியொரு வேறுபாடு இல்லாதபோது, வெங்காயத்துக்கு அத்தனை எழுத்துகள் எதற்கு என்பதே அக்கேள்வி.

கேள்வி: நான் மென்பொருள் துறையில் வேலை செய்கிறேன். மனித டி.என்.ஏ.வில் பாதிக்கு மேல் திரும்பத் திரும்ப வருவதுதான் என்கிறார்கள். அப்படியானால் அதைச் சுருக்கினால் கோப்பு பாதியாகக் குறைய வேண்டுமே? ஜிசிப் என்ற சுருக்கு நிரலைக் கொண்டு முயன்றபோது, ஓர் எழுத்துக்கு 2 பிட் என்ற எளிய முறையைவிடப் பெரிதாகத்தான் வந்தது. ஏன்?

பதில்: உங்கள் சோதனை சரி, விடை, ‘திரும்ப வருவது’ என்பதன் தன்மையில் இருக்கிறது.

நான்கு எழுத்துகளை எழுத 2 பிட் போதும் என்பதால் 310 கோடி எழுத்துகளும் ஏறத்தாழ 775 மெகாபைட்டில் அடங்கிவிடும். ஜிசிப் இதைத் தோற்கடிக்க வேண்டுமானால், முன்பு வந்த ஒரு துண்டு அச்சு மாறாமல் மீண்டும் வரும் இடங்களைக் கண்டுபிடித்து, “இத்தனை எழுத்துப் பின்னே சென்று, இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்” என்று குறிக்க வேண்டும். மனித டி.என்.ஏ.வில் மிகுதியாகக் காணப்படும் மீள்வரிசையான ஆலுவை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 300 எழுத்து நீளம், 10 இலட்சத்துக்கு மேற்பட்ட படிகள், மொத்த டி.என்.ஏ.வில் பத்தில் ஒரு பங்கு இதுவே. சராசரியாக 3,000 எழுத்துக்கு ஓர் ஆலு என்பதால், ஜிசிப் பின்னோக்கிப் பார்க்கும் 32,768 எழுத்துச் சாளரத்துக்குள்ளேயே ஒன்றுக்குப் பத்தாக அவை நிற்கக்கூடும். எனவே சாளரம் சிறியது என்பது முழுக் காரணமாகாது.

உண்மையான இடையூறு, அந்தப் படிகளின் வயது. ஆலுக்களில் பல 3 கோடி, 4 கோடி ஆண்டுகளுக்கு முன், சில அதற்கும் முன்னர், இன்றுள்ள இடத்தில் வந்து அமர்ந்தவை. அமர்ந்த பிறகு ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிறழ்வுகளைச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறது. தற்செயலாக எடுத்த இரண்டு ஆலுக்கள் நூற்றுக்கு 15 எழுத்தில் வேறுபடுகின்றன என்று வைத்துக்கொண்டால், அச்சு மாறாமல் தொடரும் துண்டு சராசரியாக 6, 7 எழுத்து நீளமே இருக்கும். அந்த 7 எழுத்தை நேரடியாக எழுத 14 பிட் போதும். “எத்தனை எழுத்துப் பின்னே” என்று சொல்வதற்கு மட்டுமே 15 பிட் வரை தேவை. நீளத்தைச் சொல்வது அதற்கு மேல். சுட்டிக்காட்டுவதைவிட எழுதிவிடுவதே மலிவு என்னும்போது சுருக்கம் எங்கிருந்து வரும்? டி.என்.ஏ.வுக்கென்றே எழுதப்பட்ட நிரல்கள், பிசகுள்ள பொருத்தங்களையும் எதிரிழையில் தலைகீழாக வரும் பொருத்தங்களையும் கணக்கில் கொண்டு, ஓர் எழுத்துக்கு ஏறத்தாழ 1.6 பிட் வரை இறங்குகின்றன. அதற்குக் கீழே போவது மிகக் கடினம். (ஒருவரின் டி.என்.ஏ.வைப் பொதுமாதிரியோடு ஒப்பிட்டு வேறுபாட்டை மட்டும் எழுதுவது வேறு கதை. 2009-இல் ஜேம்ஸ் வாட்சனின் மரபணுத்தொகையை அந்த வழியில் 4 மெகாபைட்டளவில் அடக்கி, மின்னஞ்சலில் இணைத்து அனுப்பலாம் என்று ஒரு குழு காட்டியது.)

இப்படிச் சிதைந்த படிகளை ஒரே குடும்பம் என்று கணினி எவ்வாறு அறிகிறது என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். ஒரு நூலின் ஏட்டுப் பிரதிகள் பலவற்றைப் பக்கத்தில் வைத்துப் பாடபேதங்களை ஒப்பிட்டு மூலபாடத்தை மீட்கும் பதிப்பாசிரியரின் வேலையேதான் இதுவும். ஒரே இடத்தில் ஒரே பிழையைச் சுமக்கும் படிகள் ஒரே தாய்ப்படியிலிருந்து வந்தவை; பிழைகள் கூடுதலாக உள்ள கிளை பழையது. ஆலுவில் ஜே, எஸ், ஒய் என்ற கிளைகளை இப்படித்தான் பிரித்தார்கள்: ஜே மூத்தது, ஒய் இளையது. மீட்டெடுத்த மூலவரிசைகள் ரெப்பேஸ், டிஃபாம் ஆகிய நூலகங்களில் தொகுக்கப்பட்டுள்ளன. ரிப்பீட்மாஸ்கர் என்னும் நிரல் அவற்றை ஒவ்வொன்றாக மரபணுத்தொகையோடு பொருத்திப் பார்த்து, எங்கே எந்தக் குடும்பம், மூலத்திலிருந்து எத்தனை விழுக்காடு விலகல் என்று பட்டியலிடுகிறது. அந்த முறையில் கிடைப்பதுதான் ‘ஏறத்தாழப் பாதி’ என்ற கணக்கு. நூலகத்தைச் சாராமல், சிறு எழுத்துக்கோவைகள் எதிர்பார்ப்பைவிடக் கூடுதலாகக் குவியும் இடங்களைத் தேடிய வேறொரு முறை 2011-இல் மூன்றில் இரண்டு பங்கு என்றது. அடையாளம் மங்கும் அளவுக்குச் சிதைந்துபோன படிகளை எந்த எல்லை வரை படி என்று ஏற்பது என்பதே இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு.

கேள்வி: குறியீடற்ற டி.என்.ஏ.வில் மனித மொழியின் இலக்கணம் ஒளிந்திருப்பதாகவும், கணினி ஆய்வில் அது நிரூபிக்கப்பட்டதாகவும் ஒரு காணொளியில் கேட்டேன். இதில் உண்மை எவ்வளவு?

பதில்: இந்தக் கதைக்கு ஒரு நேர்மையான தொடக்கம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் காணொளியை மட்டும் குறைகூறுவது முறையாகாது.

ஒரு மொழியின் நூல்களில் வரும் சொற்களை, மிகுதியாக வருவதிலிருந்து அரிதாக வருவது வரை வரிசைப்படுத்தினால், இரண்டாம் இடத்துச் சொல் முதலிடத்துச் சொல்லில் ஏறத்தாழப் பாதி அளவும், மூன்றாவது மூன்றில் ஒரு பங்கும் வருவதைக் காணலாம். இதற்கு ஜிஃப் விதி என்று பெயர். 1994-இல் இயற்பியலாளர் குழு ஒன்று இதையே டி.என்.ஏ.வில் தேடியது. டி.என்.ஏ.வில் சொல்லுக்கு இடைவெளி கிடையாது என்பதால், குறிப்பிட்ட நீளமுள்ள ஒவ்வோர் எழுத்துக்கோவையையும் ஒரு சொல்லாகக் கொண்டு எண்ணினார்கள். புரதக் குறியீட்டுப் பகுதிகளைவிடக் குறியீடற்ற பகுதிகளே மொழியின் வரைகோட்டை நெருங்கி வந்தன. அவர்கள் கட்டுரையை எச்சரிக்கையோடுதான் எழுதினார்கள்; ஆனால் ‘குப்பையில் மொழி’ என்ற தலைப்பு உலகைச் சுற்றிவர நேரம் எடுக்கவில்லை.

மறுப்பு 1996-இல், அதே ஆய்விதழில் வந்தது. நான்கு எழுத்துகளும் சமமாக வராமல் சில கூடுதலாகவும் சில குறைவாகவும் வந்தாலே போதும், எந்த மொழியும் இல்லாமல் தற்செயலாக அமைந்த வரிசையிலும் அதே சாய்வு கிடைக்கும் என்று காட்டினார்கள். உண்மையில் இந்த எச்சரிக்கை இன்னும் பழையது. குரங்கு ஒன்று தட்டச்சுப் பொறியைத் தட்டி, இடைவெளிப் பொத்தானையும் அவ்வப்போது தட்டினால், அந்தப் பொருளற்ற உரையும் ஜிஃப் விதியை ஒத்திருக்கும் என்று 1957-இலேயே ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலாளர் எழுதியிருந்தார். மொழி இருந்தால் அந்த வளைகோடு வரும். வளைகோடு வந்தால் மொழி இருக்கிறது என்று திருப்பிப் போட முடியாது.

சற்று அருகில் சென்று பார்ப்போம். ஆறு எழுத்துச் சொற்கள் மொத்தம் 4,096. மனித மரபணுத்தொகையில் அவற்றை எண்ணினால், பட்டியலின் உச்சியில் நிற்பவை ‘ஏஏஏஏஏஏ’, ‘டிடிடிடிடிடி’ என்ற இரண்டும். காரணத்தைத் தேட இலக்கணத்திடம் போக வேண்டியதில்லை. ஆலுவும் லைன்-1 என்ற தாவும் மரபுக்கூறும் ஆர்.என்.ஏ. வழியாகப் படியெடுத்துப் பரவுபவை. அவற்றின் வாலில் ஏ என்ற எழுத்து வரிசையாகத் தொடரும். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட ஆலுக்களும் ஏறத்தாழ ஐந்து இலட்சம் லைன்-1 துண்டுகளும், சில இந்த இழையிலும் சில எதிரிழையிலுமாக, தங்கள் வால்களை விட்டுச்சென்றிருக்கின்றன. எதிரிழையில் இருக்கும் ஏ-க்கள் இந்த இழையில் டி-க்களாகப் படிக்கப்படும். அதனால்தான் இரண்டு சொற்களின் எண்ணிக்கையும் கிட்டத்தட்டச் சமமாக வருகிறது.

பட்டியலின் அடியில் ‘சிஜி’ என்ற இணையை இருமுறை, மும்முறை கொண்ட சொற்கள் கிடக்கின்றன. சி, ஜி இரண்டும் தனித்தனியே நூற்றுக்கு 20 அளவில் வருவதால் ‘சிஜி’ என்ற இணை நூற்றுக்கு 4 அளவில் வர வேண்டும். வருவதோ 1 அளவில். அந்த இணையிலுள்ள சி மீது உயிரணு மெத்தில் என்ற வேதிக்குறியை ஒட்டுகிறது. குறி ஒட்டிய சி எளிதில் டி-யாக மாறிவிடும். கோடிக்கணக்கான ஆண்டுகளாக இந்த ஒழுக்கு நடந்திருக்கிறது. எனவே உச்சிக்கு ஒரு வரலாற்றுக் காரணமும் அடிக்கு ஒரு வேதியியல் காரணமும் இருக்க, இரண்டையும் இணைத்து வரைந்த கோடு மொழியைப் போலத் தோன்றியது.

இந்தத் துறையில் ஒழுங்கு கண்ணில் படாத நாளே கிடையாது. 300 கோடி எழுத்துகளில் எதைத் தேடினாலும் ஏதோ ஓர் ஒழுங்கு கிடைக்கும். எதோடு ஒப்பிட்டு அதை வியப்பு என்கிறோம் என்பதே ஆய்வாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி. நான்கு எழுத்துகளையும் சமமாக இறைத்த வரிசையோடு ஒப்பிட்டால் எல்லாமே வியப்பாக இருக்கும். எழுத்துகளின் விகிதத்தையும் அடுத்தடுத்த இணைகளின் விகிதத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு மீதியைக் கலைத்துப்போட்ட வரிசையோடு ஒப்பிட்டால், வியப்புகளில் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். மீள்வரிசைகளையும் நீக்கிவிட்டு ஒப்பிட்டால் இன்னும் உதிரும். அத்தனைக்கும் பிறகு நிற்பது ஏதேனும் இருந்தால், அது ஆராயத் தகுந்தது. காணொளியில் இந்த ஒப்பீட்டைப் பற்றி ஒரு சொல்லாவது வந்ததா என்று மீண்டும் பாருங்கள்.

கேள்வி: மனித மரபணுத்தொகையை 2003-இல் படித்து முடித்துவிட்டார்கள் என்றார்கள். 2022-இல் மறுபடியும் ‘முழுமையாகப் படித்தாயிற்று’ என்று அறிவிப்பு. முதல் அறிவிப்பு பொய்யா?

பதில்: பொய் என்று சொல்ல மாட்டேன், அன்றைய கருவிகளால் எட்ட முடிந்ததை எட்டினார்கள், எட்டாத இடங்களை வெற்றிடமாகக் குறித்தும் வைத்தார்கள். அந்த வெற்றிடங்கள் பெரும்பாலும் மீள்வரிசைகளே. டி.என்.ஏ.வைத் தொடக்கத்திலிருந்து இறுதிவரை ஒரே மூச்சில் படிக்கும் கருவி கிடையாது. துண்டு துண்டாகப் படித்து, துண்டுகளின் ஓரங்கள் ஒன்றன்மீது ஒன்று பொருந்துவதைக் கொண்டு கணினி அவற்றைக் கோக்கிறது. குரோமோசோமின் இடையிலுள்ள சென்ட்ரோமியரில் 171 எழுத்து நீளமுள்ள ஓர் அலகு, சிறு மாற்றங்களோடு, இலட்சக்கணக்கான எழுத்துகளுக்கு, சில குரோமோசோம்களில் பல பத்து இலட்சம் எழுத்துகளுக்குத் தொடர்கிறது. துண்டு மீள்வரிசையைவிடச் சிறியதாக இருந்தால் எந்த ஓரம் எதோடு பொருந்துகிறது என்று எந்த அல்காரிதத்தாலும் சொல்ல முடியாது. இது நிரலாளரின் திறமைக் குறைவன்று, தகவலே அங்கு இல்லை.

15,000 முதல் 20,000 எழுத்துவரை மிகத் துல்லியமாகப் படிக்கும் கருவியும், ஓரளவு பிழையோடு என்றாலும் ஒரு இலட்சம் எழுத்துக்கு மேல் ஒரே தொடராகப் படிக்கும் கருவியும் வந்த பிறகே வழி திறந்தது. டி2டி (‘முனையிலிருந்து முனைவரை’) என்னும் ஆய்வுக் கூட்டமைப்பு இன்னொரு சிக்கலையும் சாமர்த்தியமாகத் தவிர்த்தது. நம் உயிரணுக்களில் தாய்வழிப் படி ஒன்றும் தந்தைவழிப் படி ஒன்றும் இருப்பதால், இரண்டு துண்டுகளுக்கு இடையிலுள்ள சிறு வேறுபாடு வேறு இடம் என்பதைக் காட்டுகிறதா, அதே இடத்தின் மற்றொரு படி என்பதைக் காட்டுகிறதா என்ற குழப்பம் எழும். தந்தைவழி டி.என்.ஏ. மட்டுமே இரட்டித்து உருவான, முத்துப்பிள்ளைக் கருவிலிருந்து பெறப்பட்ட சிஎச்எம்13 என்ற உயிரணு வரிசையை அவர்கள் எடுத்துக்கொண்டதால் அந்தக் குழப்பமே எழவில்லை. 2022-இல் வெளியான அந்த டி.என்.ஏ. வரிசை ஏறத்தாழ 20 கோடி எழுத்துகளைப் புதிதாகச் சேர்த்தது. அதில் ஒய் குரோமோசோம் இல்லை. வேறோர் உயிரணு வரிசையிலிருந்து, 6 கோடியே 24 இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட எழுத்துகளோடு, அது 2023-இல் வந்தது. அதற்கு முந்தைய மாதிரியில் ஒய் குரோமோசோமின் பாதிக்கு மேல் வெற்றிடமாகவே இருந்தது.

கேள்வி: ஆய்வைத் தொடங்கும் முன் மீள்வரிசைகளை மறைத்துவிட வேண்டும் என்று எங்கள் பேராசிரியர் சொல்கிறார். மறைப்பதால் முக்கியமான எதுவும் தவறிப்போகாதா?

பதில்: புதிய மரபணுக்களைத் தேடுவதற்கும், இரு இனங்களின் வரிசைகளை ஒப்பிடுவதற்கும் மறைக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் ஓர் ஆலு மற்ற எல்லா ஆலுக்களோடும் பொருந்தி, விடைக்கோப்பு பயனற்றதாகிவிடும். உங்கள் பேராசிரியர் சொல்வது நல்ல வழக்கமே. ஆனால் அழிப்பதற்குப் பதிலாக ஆங்கிலச் சிற்றெழுத்தில் எழுதி மறைக்கும் முறையைக் கையாளுங்கள். ஏன் என்பதற்கு 2024-இல் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன்.

மனிதனுக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் வால் இல்லை. மற்றக் குரங்குகளில் பெரும்பாலானவற்றுக்கு உண்டு. வால் வளர்ச்சியோடு தொடர்புடைய மரபணுக்களில் இந்த இரு பிரிவுகளையும் பிரிக்கும் மாற்றத்தைத் தேடிய குழு, டிபிஎக்ஸ்டி என்ற மரபணுவின் ஆறாம் இன்ட்ரானில் ஓர் ஒய் வகை ஆலு செருகியிருப்பதைக் கண்டது. அது வாலில்லாக் கிளையில் மட்டுமே உண்டு. இன்ட்ரானுக்குள் இருக்கும் ஆலு என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்; மரபணுக்களின் இன்ட்ரான்களில் அப்படி இலட்சக்கணக்கில் உண்டு. ஆனால் அதற்கு முந்தைய இன்ட்ரானில், எதிர்த்திசையில், இன்னொரு பழைய ஆலு நிற்கிறது. எதிரெதிர்த் திசையிலுள்ள இரு ஆலுக்களும் ஆர்.என்.ஏ.வில் ஒன்றோடொன்று இணைசேர்ந்து மடிந்துவிடுவதால், நடுவிலுள்ள ஆறாம் எக்ஸான் என்னும் குறியீட்டுத் துண்டு சில சமயம் விடுபட்டுப்போகிறது. அந்த எக்ஸான் விடுபட்ட வடிவத்தை எலிகளில் உண்டாக்கியபோது, வால் குறுகிய எலிகளும் வாலே இல்லாத எலிகளும் பிறந்தன. புரதக் குறியீட்டில் ஓர் எழுத்துகூட மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆலுக்களை முற்றாக நீக்கிவிட்டு ஒப்பிட்டிருந்தால் இது கண்ணில் பட்டிருக்கவே வழியில்லை.

கேள்வி: என் உறவினருக்கு நரம்பு நோய். முழு மரபணுத்தொகைப் பரிசோதனையில் ‘கோளாறு ஏதும் இல்லை’ என்று வந்தது. அதை அப்படியே நம்பலாமா?

பதில்: ஒருவரின் நோயைப் பற்றி இந்தப் பக்கத்தில் கருத்துச் சொல்ல இயலாது, ஆனால் மருத்துவரிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைச் சொல்லலாம். சிறு அலகுகள் அடுத்தடுத்துத் தொடரும் மீள்வரிசைகள் சில குடும்பங்களில் அளவுக்கு மீறி நீண்டு நோயாகின்றன. எஃப்எம்ஆர்1 மரபணுவின் குறியீடற்ற முன்பகுதியில் ‘சிஜிஜி’ என்பது பெரும்பாலோருக்கு 45-க்குக் குறைவாகவே திரும்ப வரும். 200-ஐத் தாண்டும்போது நலிவுறு எக்ஸ் நோய்க்கூட்டம் உண்டாகிறது. 2011-இல் கண்டறியப்பட்ட சி9ஓஆர்எஃப்72 மரபணுவில், ‘ஜிஜிஜிஜிசிசி’ என்ற ஆறெழுத்து அலகு நூற்றுக்கணக்கில், சிலரில் ஆயிரக்கணக்கில் தொடரும்போது, இயக்க நரம்பணு நோயோ ஒருவகை மறதிநோயோ வருகிறது.

வழக்கமான பரிசோதனைக் கருவி ஒரு துண்டில் 150 எழுத்துகளையே படிக்கிறது. ஆறெழுத்து அலகு என்றால் 25 முறைக்கு மேல் அதில் அடங்காது. முழுத் துண்டும் மீள்வரிசையாகவே இருந்தால் அது எங்கே பொருந்தும் என்றும் தெரியாமல், ‘நம்பகம் சுழியம்’ என்ற குறிப்போடு நிரல் அதை ஒதுக்கிவிடும். அறிக்கையில் எந்தத் தடயமும் இருக்காது. துண்டுகளின் எண்ணிக்கையையும் ஓரங்களையும் கொண்டு நீளத்தை மதிப்பிடும் எக்ஸ்பான்ஷன் ஹன்டர் போன்ற நிரல்கள் இருக்கின்றன. நீண்ட துண்டுகளைப் படிக்கும் கருவிகளும் இருக்கின்றன. எனவே “மீள்வரிசை நீட்சிக்கெனத் தனியாகச் சோதித்தீர்களா, எந்தெந்த மரபணுக்களில், எந்த முறையில்?” என்று மரபியல் மருத்துவரிடம் கேளுங்கள். சோதிக்கவில்லை என்றால், அந்த அறிக்கை இவ்வகை நோய்களை விலக்கவில்லை என்றே பொருள்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு குறியீடற்ற டி.என்.ஏ. முழுவதும் புரிந்துவிடும் என்கிறார்களே?

பதில்: முழுவதும் என்பது மிகை. 2021-இல் வந்த என்ஃபார்மர் ஏறத்தாழ 2 இலட்சம் எழுத்துகளையும், 2025-இல் அறிவிக்கப்பட்ட ஆல்ஃபாஜீனோம் 10 இலட்சம் எழுத்துகளையும் ஒரே வீச்சில் எடுத்துக்கொண்டு, ஓர் எழுத்து மாறினால் மரபணுவின் இயக்கம் கூடுமா குறையுமா என்று கணிக்கின்றன. மரபணுவிலிருந்து வெகுதொலைவில் அமர்ந்து அதை இயக்கும் மேம்படுத்திகளைப் புரிந்துகொள்ள இந்த வீச்சு தேவை; விரல்களின் வளர்ச்சியை நெறிப்படுத்தும் ஒரு மேம்படுத்தி, தான் இயக்கும் மரபணுவிலிருந்து ஏறத்தாழ 10 இலட்சம் எழுத்துகளுக்கு அப்பால் இருக்கிறது. டி.என்.ஏ.வை உரையாகவே பாவித்து அடுத்த எழுத்தைக் கணிக்கும் மாதிரிகளில் மீள்வரிசை ஒரு தலைவலி: ஆலுவைக் கணிக்கக் கற்றுக்கொண்டாலே மதிப்பெண் ஏறிவிடும், உயிரியல் எதுவும் கற்றிருக்காது. அதனால் சில குழுக்கள் பயிற்சியின்போது மீள்வரிசைகளின் எடையைக் குறைத்துவிடுகின்றன.

கேள்வி: கல்லூரி இரண்டாம் ஆண்டில் படிக்கிறேன். சாதாரண மடிக்கணினியை வைத்துக்கொண்டு இந்தத் துறையில் நானே ஏதாவது செய்து பார்க்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். சாந்தா குரூசு ஜீனோம் உலாவியின் தளத்திலிருந்து 22-ஆம் குரோமோசோமை மட்டும் பதிவிறக்குங்கள். கட்டணம் இல்லை, ஐந்து கோடி எழுத்துகளே. ஜி.ஆர்.சி.எச்.38 என்னும் முந்தைய பொதுமாதிரியை எடுத்தால், முதல் ஒரு கோடியே ஐந்து இலட்சம் எழுத்துகளும் ‘என்’ (N) என்றே இருப்பதைக் கண்டு கோப்பு பழுதானது என்று எண்ணிவிட வேண்டாம்; அது மேலே சொன்ன வெற்றிடம். அதைத் தாண்டினால் பேரெழுத்தும் சிற்றெழுத்தும் கலந்து வரும். சிற்றெழுத்தில் இருப்பவை மீள்வரிசைகள் என்று ரிப்பீட்மாஸ்கரும், அடுத்தடுத்த மீள்வரிசைகளுக்கான இன்னொரு நிரலும் குறித்தவை. இரண்டையும் கணினி வெவ்வேறு எழுத்தாகக் கொள்ளும் என்பதால், எண்ணத் தொடங்கும் முன் எல்லாவற்றையும் ஒரே வடிவுக்கு மாற்றாவிட்டால் கணக்கு பிசகும்.

முதலில் ஆறு எழுத்துச் சொற்களை எண்ணி வரிசைப்படுத்துங்கள். அடுத்து, இணைகளின் எண்ணிக்கை மாறாமல் வரிசையைக் கலைத்து மறுபடி எண்ணுங்கள். அதற்கான அல்காரிதத்தை 1985-இலேயே ஆல்ட்சுல், எரிக்சன் இருவரும் தந்துவிட்டார்கள், எழுதப்பட்ட நிரல்களும் எளிதில் கிடைக்கும். மூன்றாவதாக, மூலக்கோப்பில் சிற்றெழுத்துப் பகுதிகளை விட்டுவிட்டுப் பேரெழுத்துகளை மட்டும் எண்ணுங்கள். விட்ட இடத்தின் இருபுறத்தையும் ஒட்டிவிடாதீர்கள், இல்லாத சொற்கள் பிறந்துவிடும். ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று எண்ணிக்கைகளையும் மொத்தத்தின் விகிதமாக மாற்றி அருகருகே எழுதினால், எந்தச் சொல் இணைகளின் விகிதத்தால் மேலேறியது, எது மீள்வரிசையால் மேலேறியது என்று தெரியவரும். பிறகு இதையே டி2டி வரிசையின் 22-ஆம் குரோமோசோமில் செய்து பாருங்கள். வெற்றிடம் நிரம்பியிருப்பதால் பட்டியல் மாறும். எந்தச் சொற்கள் மேலேறின என்று பார்த்து, அவை குரோமோசோமின் எந்தப் பகுதியில் குவிந்துள்ளன என்று உலாவியிலேயே தேடலாம். எந்த மாதிரியில், எந்தப் பதிப்புக் கோப்பில் எண்ணினீர்கள் என்பதைப் பட்டியலின் தலைப்பிலேயே எழுதிவையுங்கள்.